நவம்பரில் தொடங்கும் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றாலே தேசியப் போட்டி நடக்கும் மார்ச் மாதம்தான் பேச்சில் அடிபடும். ஆனால் சீசன் தொடங்குவது நவம்பரில். எந்த ஊர் பெண்கள் விளையாட்டை மெய்யாகவே தூக்கிப்பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமா? நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பேர் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியோடு ஆட்டம் நடக்கும்போது அரங்கில் எத்தனை தலை தெரிகிறது என்று பாருங்கள். மார்ச்சில் யார் வேண்டுமானாலும் வருவார்கள் என்பது என் கட்சி.

படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா வந்து இந்த ஆட்டத்தில் புதிதாக மாட்டிக்கொண்டவர்களும், சென்னையிலும் கொழும்பிலும் விடியற்காலையில் எழுந்து பார்ப்பவர்களும் கேட்கக்கூடிய கேள்விகள் இங்கே.

சீசன் எப்போது தொடங்குகிறது?

சில ஆண்டுகளாக நவம்பர் முதல் திங்கட்கிழமைதான் தொடக்க நாள். 2023இல் நவம்பர் 6, 2024இல் நவம்பர் 4, 2025இல் நவம்பர் 3. பெரும்பாலும் அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் முதல் வாரமும் கூடைப்பந்தின் முதல் வாரமும் ஒன்றாகவே வந்து சேரும்.

ஓர் அணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டங்கள். கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் பெரும்பாலும் வெளிக் கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சொந்தக் கான்ஃபரன்ஸ். மார்ச் தொடக்கத்தில் கான்ஃபரன்ஸ் கோப்பை, அப்புறம் தேசியப் போட்டி. இறுதி ஆட்டம் ஏப்ரல் முதல் வாரத்தையொட்டி வரும்.

விதிகள் ஆண்கள் ஆட்டம் மாதிரிதானா?

பெரும்பாலும் ஆமாம். கல்லூரி ஆண்கள் 20 நிமிடமாக இரண்டு பாதி ஆடுகிறார்கள். பெண்கள் 2015-16 சீசனிலிருந்து 10 நிமிடமாக நான்கு கால் ஆடுகிறார்கள். ஆட்டம் சுறுசுறுப்பாக நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆண்களும் ஏன் இன்னும் மாறவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். பந்தும் கொஞ்சம் சின்னது: சுற்றளவு 28.5 அங்குலம், ஆண்களுடையது 29.5. கூடையை நோக்கி எறிய 30 விநாடி கெடு, ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே என்பதெல்லாம் இருவருக்கும் பொது.

நவம்பரில் 50, 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்களே, இதெல்லாம் ஆட்டமா?

நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய கல்லூரி ஒரு சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கு வரவழைத்து ஆடும். பெரிய அணிக்குச் சொந்த ஊரில் ஓர் ஆட்டம், டிக்கெட் வருமானம், புதுப் பெண்களுக்கு ஆடிப் பழக அவகாசம். சின்ன அணிக்குக் கையில் காசு. அந்தக் காசில்தான் பல சின்னக் கல்லூரிகளில் பயணச் செலவு சமாளிக்கப்படுகிறது. திருப்பி ஆட வரச் சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. ஒரே தடவை வந்து, தோற்று, காசோலையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஸ்கோர்போர்டைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. இரண்டாம் பாதியில் பெஞ்சிலிருந்து இறங்கும் முதலாண்டுப் பெண்களைப் பாருங்கள். கோச் யாரை நம்புகிறார், யார் தப்பு செய்ததும் உடனே கூப்பிட்டு உட்கார வைக்கிறார், இரண்டு பக்கம் இருந்தும் நெருக்கினால் யார் பந்தைப் பறிகொடுக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மார்ச்சில் எல்லோரும் "இந்தப் பெண் எங்கிருந்து முளைத்தாள்?" என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்கும்.

அப்படியானால் நல்ல ஆட்டமே நவம்பரில் கிடையாதா?

யார் சொன்னது? 2023 நவம்பரின் முதல் நான்கு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். 6ஆம் தேதி லாஸ் வேகாஸில், முந்தைய ஏப்ரலில்தான் தேசியப் பட்டம் வென்று முதல் ரேங்கில் இருந்த எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட்) கொலராடோ 92-78 என்று கவிழ்த்தது. அதே நாளில் அங்கேயே லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சிக்காக முதன்முறை களமிறங்கிய ஜூஜூ வாட்கின்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 32 புள்ளி எடுத்தார். அதே நாள் பாரிஸில் சவுத் கரோலினா நோட்ர டேமை 100-71 என்று வென்றது. 9ஆம் தேதி சார்லட்டில் அயோவா விர்ஜினியா டெக்கை 80-76 என்று தாண்டியது.

பாரிஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய சீசனில் ஆடிய சவுத் கரோலினாவின் ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களும் போய்விட்டார்கள். இந்த ஆண்டு கொஞ்சம் தள்ளாடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். முதலாண்டுப் பெண் மிலேஷா ஃபுல்வைலி தன் பக்கத்துக் கூடையடியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு முழு மைதானத்தையும் கடந்தார். எதிரே தடுப்பதற்கு ஆள் வந்ததும் பந்தை முதுகுக்குப் பின்னால் சுற்றி மறு கைக்கு மாற்றி, அதே வேகத்தில் கூடைக்குள் போட்டார். சில விநாடிதான். அந்த வீடியோ அன்று ராத்திரிக்குள் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. அந்த அணி அந்த சீசனில் 38 ஆட்டம் ஆடி 38-ஐயும் வென்றது. நவம்பரிலேயே பார்த்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

2024 நவம்பர் 24 இன்னொரு நாள். 43 ஆட்டமாகத் தோற்காமல் வந்த சவுத் கரோலினாவை லாஸ் ஏஞ்சலிஸின் இன்னொரு கல்லூரியான யுசிஎல்ஏ தன் சொந்த அரங்கில் 77-62 என்று நிறுத்தியது.

சீசன் தொடக்கத்தில் தோற்றால் பட்ட வாய்ப்பு போய்விடுமா?

போகாது. 2024-25இல் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) டிசம்பரிலேயே நோட்ர டேமிடமும் யுஎஸ்சியிடமும் தோற்றது. யுஎஸ்சி வந்து ஜெயித்தது ஹார்ட்ஃபோர்டில், யூகானின் சொந்த ரசிகர்கள் முன்னால், 72-70. பிப்ரவரியில் டென்னசியிடம் இன்னொரு தோல்வி. ஏப்ரல் 6ஆம் தேதி டாம்பாவில் அதே யூகான் சவுத் கரோலினாவை 82-59 என்று வென்று 12ஆவது பட்டத்தை எடுத்துக்கொண்டது.

அதற்காக நவம்பருக்கு மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். மகளிர் போட்டியில், ஆண்கள் போட்டியில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. தேர்வுக் குழு முதல் 16 இடத்தில் வைக்கும் அணிகள், தேசியப் போட்டியின் முதல் இரண்டு சுற்றையும் தங்கள் சொந்த அரங்கிலேயே ஆடலாம். 16ஆவது இடத்துக்கும் 17ஆவது இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு எண்தான். ஆனால் ஒருவர் வீட்டில் ஆடுகிறார், மற்றவர் விமானம் ஏறிப் போய் அடுத்தவர் ஊரில் பத்தாயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே ஆடுகிறார். நவம்பரில் கோட்டைவிட்ட ஓர் ஆட்டம் மார்ச்சில் இந்த இடத்தில்தான் வந்து கடிக்கும்.

ஏபி ரேங்கிங்கை நம்பலாமா?

நவம்பரில் பாதிதான் நம்பலாம். ஏபி செய்தி நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் பட்டியல் அது. மகளிருக்கு அதைத் தொடங்கி வைத்தவர் பிலடெல்ஃபியாவின் மெல் கிரீன்பெர்க், 1976இல். முதல் வாரங்களில் போன ஆண்டுப் பெருமைதான் அதில் அதிகம் பேசும். தேர்வுக் குழு பார்ப்பது வேறு: யாரோடு, எங்கே, எப்படி ஆடினார்கள் என்று கணக்கிடும் நெட் என்ற தரவரிசை. அதற்கும் போதுமான ஆட்டங்கள் சேர டிசம்பர் ஆகிவிடும்.

ஏன் பஹாமாஸிலும் லாஸ் வேகாஸிலும் போய் ஆடுகிறார்கள்?

நவம்பர் நான்காவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையையொட்டிப் பல அணிகளை ஓரிடத்தில் கூட்டி இரண்டு மூன்று நாளில் ஆட்டங்களை முடிப்பது பழைய வழக்கம். ஆட்டக்காரர்களுக்கு அது சுற்றுலாவாகவும் ஆகும், கோச்சுகளுக்கு வலுவான எதிரணியும் கிடைக்கும். பஹாமாஸில் ஆட்டம் நடப்பதே ஒரு விடுதியின் மாநாட்டு மண்டபத்தில்தான். அதுவாவது ஒழுங்காக அமைக்கப்பட்டது. 2022 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மடக்கு நாற்காலி போட்டு நடத்திய போட்டியில், ஓர் ஆட்டக்காரர் காயப்பட்டுத் தரையில் கிடக்க, மருத்துவ உதவி வந்து சேர வெகுநேரம் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சான் அன்டோனியோவில் நடந்த தேசியப் போட்டியில் பெண்களுக்கு உடற்பயிற்சிக்கென்று ஒரு சின்ன டம்பெல் அடுக்கு மட்டும் வைத்ததை ஆரிகன் ஆட்டக்காரர் செடோனா பிரின்ஸ் படமெடுத்துப் போட்டு நாடே சிரித்தது. ஒரு வருஷத்தில் எல்லாம் மாறிவிடாது என்பதை அந்த மண்டபம் காட்டிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. மூத்த ஆட்டக்காரரை அவர் பிறந்து வளர்ந்த ஊருக்குக் கூட்டிப்போய் ஓர் ஆட்டம் ஆடவைப்பது சில கோச்சுகளின் வழக்கம். 2023 நவம்பர் 19 அன்று பெய்ஜ் பெக்கர்ஸுக்காக யூகான் மின்னசோட்டா வந்து ஆடியது அப்படித்தான்.

பெண்கள் விளையாட்டைக் கொண்டாடும் ஊர் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஒன்று மட்டும்தான் என்றால், அயோவா சிட்டி. நட்சத்திர ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க் அங்கே ஆடினார் என்பதற்காக அல்ல. அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மாநிலத்துக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அயோவாவில் பள்ளிப் பெண்களுக்கான மாநிலப் போட்டி 1920இலேயே வந்துவிட்டது. அணிக்கு ஆறு பேர். மூவர் தாக்கும் பாதியிலேயே நிற்க வேண்டும், மூவர் தடுக்கும் பாதியிலேயே நிற்க வேண்டும், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைதான் தரையில் தட்டலாம். இலங்கையில் வலைப்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எல்லைக் கணக்கு சட்டென்று பிடிபடும். பெண்கள் முழு மைதானமும் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று நினைத்த காலத்தில் பிறந்த விதிகள் இவை. ஆனால் விளைவு தலைகீழாக வந்தது. சின்னச் சின்னக் கிராமத்துப் பள்ளிகளின் பெண்கள் மாநில நட்சத்திரங்கள் ஆனார்கள். 1968இல் யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் ஒரே ஆட்டத்தில் 111 புள்ளி எடுத்தார். அடுத்த ஆண்டு ஆண்கள் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவர் பெயரைச் சொன்னது. லீக் அதை ஏற்கவில்லை. விளம்பரத்துக்குச் செய்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பள்ளிப் பெண்ணின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகும் என்ற நிலை அன்று வேறெங்கே இருந்தது?

அயோவாவில் அந்த ஆறு பேர் ஆட்டம் 1993 வரை இருந்தது. இப்போது அயோவா பல்கலைக்கழக அணியின் தலைமைக் கோச் ஜேன் ஜென்சன், அந்த ஆட்டத்தில் பள்ளிக் கடைசி ஆண்டில் சராசரியாக 66 புள்ளி எடுத்தவர்.

அயோவா சிட்டியின் கார்வர்-ஹாக்கை அரங்கம் மலைச்சரிவுக்குள் தோண்டிக் கட்டியது. வாசல் மேலே இருக்கும், உள்ளே நுழைந்து படியிறங்கிக் கீழே மைதானத்தை நோக்கிப் போக வேண்டும். ஏறக்குறைய 15,000 பேர் உட்காரலாம். 1985 பிப்ரவரி 3 அன்று, விவியன் ஸ்டிரிங்கர் கோச்சாக இருந்தபோது, ஒஹாயோ ஸ்டேட்டோடு நடந்த மகளிர் ஆட்டத்துக்கு உள்ளே வந்தவர்கள் 22,157 பேர். படிக்கட்டிலும் நடைபாதையிலும் ஜனம். டிவியில் பெண்கள் கூடைப்பந்தைத் தேடினாலும் கிடைக்காத காலம் அது. 2023 அக்டோபர் 15 அன்று அமெரிக்கக் கால்பந்து மைதானமான கின்னிக்கில் திறந்தவெளியில் கூடைப்பந்துக் களம் அமைத்து டிபால் கல்லூரியோடு ஆடிய ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். கணக்கில் சேராத பயிற்சி ஆட்டம் அது, என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சவுத் கரோலினாவின் கொலம்பியா?

அது வேறு கதை. அயோவா பரம்பரைச் சொத்து என்றால், கொலம்பியா உழைத்துச் சேர்த்தது. டான் ஸ்டேலி 2008இல் கோச்சாக வந்தார். ஆட்டக்காரராக மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. 18,000 பேர் உட்காரும் அரங்கில் பெரும்பாலான இருக்கைகள் காலி. அந்த நிலையிலிருந்து 2014-15இல் நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் மகளிர் அணி ஆயிற்று. 2023-24இல் அயோவா எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்து ஆடியபோதும், சராசரிக் கூட்டத்தில் கொலம்பியாதான் முதலிடம், ஆட்டத்துக்கு 16,000 பேருக்கு மேல். 2017, 2022, 2024 என்று மூன்று பட்டங்கள்.

அரங்கின் வாசலில் அய்ஜா வில்சனின் வெண்கலச் சிலை நிற்கிறது. பக்கத்து ஊரான ஹாப்கின்ஸில் வளர்ந்து இங்கே வந்து முதல் பட்டத்தை வாங்கித் தந்தவர். 2021இல் சிலையைத் திறந்தபோது அவர் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். சிறுமியாக இருந்த காலத்தில் கறுப்பினத்தவர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கால் வைக்க முடியாமல் சுற்றிக்கொண்டு போனவர் அந்தப் பாட்டி. கொலம்பியா கூட்டத்தில் கறுப்பினப் பெண்களும் பாட்டிமார்களும் ஏன் இத்தனை பேர் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள், போதும்.

டென்னசியும் கனெக்டிகட்டும்?

இவை இரண்டும் இல்லாவிட்டால் மற்றவை இந்த அளவுக்கு வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நாக்ஸ்வில்லில் பேட் சம்மிட் 1974இல் தலைமைக் கோச் ஆனபோது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். ஆட்டக்காரர்களின் சீருடையைத் துவைப்பதும் வேன் ஓட்டுவதும் அவரேதான். 2012இல் ஓய்வு பெற்றபோது 1,098 வெற்றி, எட்டுப் பட்டங்கள். 2006 ஜனவரியில் யூகானோடு நடந்த ஆட்டத்துக்கு அங்கே 24,653 பேர் வந்தார்கள். மகளிர் கூடைப்பந்துக்கென்று உள்ள புகழரங்கமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. கூரைமேல் 30 அடி உயரப் பந்து ஒன்று உட்கார்ந்திருக்கும். வழி கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

கனெக்டிகட்டில் கதை டிவியால் வளர்ந்தது. யூகான் மகளிர் ஆட்டங்களை 1990களின் நடுவிலிருந்து 2012 வரை அந்த மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சியே ஒளிபரப்பியது. வியாபார சேனல்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் குளிர்கால ராத்திரிகளில் ஒவ்வோர் ஆட்டமாகப் பார்த்து, பெண்கள் பெயரையெல்லாம் பேத்திகள் பெயர் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார்கள். 1997இல் ஹார்ட்ஃபோர்டின் ஐஸ் ஹாக்கி அணியான வேலர்ஸ் ஊரைவிட்டே போனது. அப்புறம் இந்தப் பெண்கள்தான் மாநிலத்தின் அணி. 1985 முதல் கோச்சாக இருக்கும் ஜீனோ ஆரியெம்மா 2024 நவம்பர் 20 அன்று 1,217ஆவது வெற்றியோடு, அதிக வெற்றி பெற்ற கோச் என்ற கணக்கில் ஸ்டான்ஃபர்டின் டாரா வான்டர்வியரைத் தாண்டினார். அந்தச் சாதனையும் ஒரு சாதாரண நவம்பர் ஆட்டத்தில்தான் வந்தது.

ஏன் எல்லாம் சின்ன ஊர்களாகவே இருக்கின்றன?

மேலே சொன்ன ஊர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அயோவா சிட்டி, கொலம்பியா, நாக்ஸ்வில், ஹார்ட்ஃபோர்ட். எதிலும் இன்று முதல்தர ஆண்கள் தொழில்முறை அணி கிடையாது. நெப்ராஸ்காவின் லிங்கனையும் சேர்த்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் 30 அன்று அங்கே ஒரு கல்லூரி மகளிர் வாலிபால் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 92,003 பேர். அங்கேயும் தொழில்முறை அணி இல்லை. குளிர்கால ராத்திரியில் போட்டிக்கு வேறு கடை இல்லாத ஊரில், நன்றாக ஆடும் பெண்கள் அணி ஊரின் அணியாகிவிடும்.

இரண்டாவது காரணம் டிராஃப்ட் விதி. ஆண்களில் நல்ல ஆட்டக்காரர் ஒரே வருஷத்தில் தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் பறந்துவிடலாம். பெண்கள் தங்கள் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவின் டிராஃப்டில் நுழைய அந்த ஆண்டு 22 வயது ஆக வேண்டும், அல்லது கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பதுதான் பல காலமாக இருக்கும் விதி. அதனால் 18 வயதில் வந்த பெண் ஊர்க்காரர்கள் கண் முன்னால் நான்கு வருஷம் வளர்கிறாள். மளிகைக் கடையில் எதிர்ப்படுகிறாள். ரசிகர் என்ற நிலை போய் உறவுக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஆட்டக்காரருக்கு இதில் வருமான நஷ்டம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரிய நகரங்கள் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்கின்றன, ஆனால் தொழில்முறைப் பக்கம். கேன்சஸ் சிட்டியில் மகளிர் கால்பந்து அணிக்கென்றே 11,500 இருக்கையோடு ஒரு மைதானம் கட்டி 2024 மார்ச்சில் திறந்தார்கள். போர்ட்லாந்தில் பெண்கள் விளையாட்டை மட்டுமே டிவியில் காட்டும் ஸ்போர்ட்ஸ் ப்ரா என்ற பார் 2022இல் வந்தது, அப்புறம் பல ஊர்களில் அதைப் பார்த்து வேறு கடைகளும் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்ற டபிள்யூஎன்பிஏ அணி 2025இல், தன் முதல் சீசனிலேயே, சொந்த அரங்கில் எல்லா ஆட்டத்துக்கும் 18,064 இருக்கையையும் நிரப்பியது.

கல்லூரி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் எனக்குப் பிடிபடாத ஊர். யுசிஎல்ஏ, யுஎஸ்சி இரண்டும் பலமான அணிகள். நவம்பரில் ஆறடி ஏழு அங்குல லாரன் பெட்ஸ் ஆடுவதைப் பார்க்கப் போனால்கூடச் சௌகரியமாக இடம் கிடைத்த காலம் உண்டு. வாட்ஸ் பகுதிப் பெண்ணான ஜூஜூ வாட்கின்ஸ் சொந்த ஊரிலேயே யுஎஸ்சியில் சேர்ந்த பிறகுதான் அங்கே நிலைமை மாறத் தொடங்கியது.

இதெல்லாம் கெய்ட்லின் கிளார்க் அலைதானே? வடிந்துவிடாதா?

அலை பெரியதுதான், மறுக்க முடியாது. 3,951 புள்ளியோடு கல்லூரி ஆட்டத்தை முடித்தார். 2024 இறுதி ஆட்டத்தைச் சராசரியாக ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிவியில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிக்கு வந்தது ஒன்றரைக் கோடிக்கும் கீழே. மகளிர் இறுதி அப்படி முந்தியது அதுவே முதல் தடவை.

டிவி எண்ணிக்கை அடுத்த ஆண்டு இறங்கியது. ஆனால் கிளார்க் போன பிறகும் அயோவா சிட்டியில் சீசன் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அலையில் வந்தவர்கள் டிவி முன்னால் இருந்தார்கள், ஊர்க்காரர்கள் அரங்கில் இருந்தார்கள். இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் குழப்பம்.

இப்போது ஆட்டக்காரர்கள் அணி மாறிக்கொண்டே இருக்கிறார்களே, ஊர்ப் பாசம் எப்படி நிற்கும்?

இதுதான் எனக்கும் கவலை. அணி மாற விரும்புவோர் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஒவ்வோர் ஆண்டும் வேறு கல்லூரிக்குப் போகலாம். 2021 ஜூலையிலிருந்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். பெண்களுக்கு இது நல்லதா என்றால், நல்லதுதான். இத்தனை காலம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள்தான் சம்பாதித்தார்கள்.

பாரிஸில் பந்தை முதுகுக்குப் பின்னால் சுற்றிய ஃபுல்வைலி கொலம்பியாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஊர் அவரைத் தலையில் வைத்து ஆடியது. 2025 வசந்தத்தில் அவர் போர்ட்டலில் பெயர் கொடுத்து எல்எஸ்யூவுக்குப் போய்விட்டார். அதுவும் பரம எதிரி அணி. கொலம்பியாவில் பலருக்கு வயிற்றெரிச்சல். டிக்கெட்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். அங்கே மக்கள் ஸ்டேலியையும் அணியையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆட்டக்காரரை நம்பிக் கூட்டம் சேர்த்த ஊர்களுக்குத்தான் போர்ட்டல் பயம் அதிகம்.

முதல் முறை அரங்குக்குப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பல இடங்களில் ஒளிபுகும் பை மட்டும்தான் உள்ளே விடுவார்கள், கைப்பையை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் டிக்கெட் மலிவு, கூட்டமில்லாத ஆட்டமாக இருந்தால் முன்வரிசைக்கு நெருக்கமாகவே உட்காரலாம். கோச் கத்துவதும், தடுப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு எச்சரிப்பதும் காதில் விழும். டிவியில் அது கிடைக்காது. இடைவேளையில் கல்லூரி பேண்டு வாத்தியக்காரர்களைப் பாருங்கள், அவர்களும் மாணவர்கள்தான்.

குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். பல கல்லூரிகள் நவம்பரில் வார நாளில் காலை 11 மணிக்கு ஓர் ஆட்டம் வைத்து, பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து மஞ்சள் பஸ்களில் பிள்ளைகளை வரவழைப்பார்கள். அப்படி ஒன்றுக்கு நான் போனேன். ஃப்ரீ த்ரோ எடுப்பவர் எந்த அணி என்ற பேதமே இல்லாமல் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் கீச்சென்று கத்தினார்கள். சொந்த அணிப் பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, பின்பு எறிந்து, தவறவிட்டார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவது உத்தமம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்க்க நேரம் ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவரும். நவம்பரில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. அயோவா போன்ற மத்தியப் பகுதியில் 7 மணி என்றால் காலை 6.30. மேற்குக் கரை ஆட்டம் 8.30க்கு, ஆபீஸ் போகிறவர்களுக்கு அதுதான் தொல்லை. நவம்பர் ஆட்டங்களில் பெரும்பாலானவை சேனலில் வராது, ஸ்ட்ரீமிங்கில்தான். எந்தச் சேவை எந்த நாட்டில் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், அணியின் இணையதளத்தில் உள்ள அட்டவணையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே போட்டிருக்கும் இணைப்பைப் பாருங்கள். பல கல்லூரிகள் வானொலி வர்ணனையை அங்கேயே இலவசமாகத் தருகின்றன. காபி போட்டுக்கொண்டே கேட்கலாம்.

எந்த அணியைப் பிடித்துக்கொள்வது?

அமெரிக்காவில் இருந்தால், வீட்டிலிருந்து வண்டியில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் கல்லூரியை. ரேங்கில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தூரத்தில் இருந்தால் ஒரு முதலாண்டுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு அவர் ஆடும் அணியைத் தொடருங்கள். அணி மாறினால் பின்னாலேயே போவதா, பழைய அணியிலேயே இருப்பதா என்பது உங்கள் இஷ்டம். அட்டவணை கோடை முடிவதற்குள் வெளிவந்துவிடும். பெரிய எதிரணி ஜனவரியில் உங்கள் ஊருக்கு வருகிறது என்றால் அந்த டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள், கிறிஸ்துமஸுக்கு அப்புறம் விலை ஏறிவிடும்.